தலைமைக்குப் பதவி எதற்கு?

சுகாதாரக் கல்வியாளர் பணிக்கான நேர்காணல்களில் தவறாமல் வரும் கேள்வி ஒன்று உண்டு: "தலைமைப் பொறுப்பில் இருந்த அனுபவம் ஏதாவது இருக்கிறதா?" விண்ணப்பதாரர்களும் அதை எதிர்பார்த்தே வருகிறார்கள். கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர் தலைவராக இருந்தேன், 30 பேர் கொண்ட குழுவை நடத்தினேன், ரத்த தான முகாம் ஏற்பாடு செய்தேன், கண் சிகிச்சை முகாமுக்கு ஒருங்கிணைப்பாளராக இருந்தேன் என்று பதில் வரும். எத்தனை முகாம், எத்தனை பேர், எத்தனை ஆண்டு என்று அடுத்து எண்ணிக்கை கேட்கப்படும். எண்ணிக்கை பெரிதாக இருந்தால் மதிப்பெண்ணும் கூடும். கேட்டவருக்கும் திருப்தி, சொன்னவருக்கும் திருப்தி. ஆனால் எதிரே உட்கார்ந்திருப்பவர் ஒரு காலத்தில் ஒரு பதவியில் இருந்தார் என்பதைத் தவிர, அந்தச் சில நிமிடங்களில் வேறெதுவும் தெரியவரவில்லை. தடுப்பூசி வேண்டாம் என்று கதவைச் சாத்தும் தாயிடம் அவரால் பேச முடியுமா, அவர் மாற்றலாகிப் போன பிறகும் அந்த ஊரில் வேலை நடக்குமா என்பது கடைசிவரை தெரியாமலே போகிறது. சுகாதாரக் கல்வியாளரின் தலைமையை, அவருக்குக் கீழே எத்தனை பேர் இருந்தார்கள் என்று அளப்பது தவறு. அவருக்குக் கட்டுப்பட வேண்டிய அவசியமே இல்லாதவர்களில் எத்தனை பேர் அவரோடு சேர்ந்து நடந்தார்கள், அவர் போன பிறகும் எத்தனை பேர் நடக்கிறார்கள் என்று பார்ப்பதே சரி. கேட்பவர் கேட்கும் முறையும் மாற வேண்டும். சொல்பவர் சொல்லும் முறையும் மாற வேண்டும்.

இந்த வேலையின் இயல்பை முதலில் பார்த்துவிடலாம். மருத்துவர் மருந்து எழுதுகிறார். செவிலியர் ஊசி போடுகிறார். சுகாதார ஆய்வாளருக்குக்கூட 1939ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டம் ஓரளவு பின்பலமாக இருக்கிறது. கொசுப்புழு வளர இடம்கொடுத்த கட்டடத்துக்கு நோட்டீஸ் அனுப்பலாம். சுகாதாரக் கல்வியாளர் கையில் இவற்றில் எதுவும் கிடையாது. அவர் நாள்தோறும் பார்க்க வேண்டியவர்கள் யாரும் அவருக்குக் கீழே இல்லை. கிராம சுகாதார செவிலியர் வேறொரு மேலதிகாரிக்குப் பதில் சொல்பவர். தலைமையாசிரியர் கல்வித் துறைக்காரர். ஊராட்சி மன்றத் தலைவர் தமக்கு வாக்களித்தவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர். ஜமாத்துக்கும் பங்குத்தந்தைக்கும் கோயில் கமிட்டிக்கும் இவர் ஒரு வெளியாள். சுய உதவிக் குழுப் பெண்களுக்கோ தவணை கட்டும் கவலையே தலைக்கு மேல் இருக்கும். இத்தனை பேரையும் ஓர் இடத்தில் உட்காரவைத்து, வயிற்றுப்போக்கு வந்த குழந்தைக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுப்பதைப் பற்றியோ, ரத்தக் கொதிப்பு மாத்திரையை நடுவில் நிறுத்தக் கூடாது என்பதைப் பற்றியோ பேசி, அதை அவர்கள் வீட்டுப் பழக்கமாக ஆக்கியாக வேண்டும். இதை உத்தரவு போட்டுச் செய்ய முடியாது.

துறையின் அடிப்படை ஆவணங்களும் இதையே சொல்கின்றன. 1986 நவம்பரில் கனடாவின் ஒட்டாவா நகரில் நடந்த உலக சுகாதார நிறுவன மாநாட்டில் ஒரு சாசனம் உருவானது. நலவாழ்வு மேம்பாட்டுக்காக உழைப்பவருக்கு அது வகுத்த கடமைகள் மூன்று: மக்களின் நலனுக்காக வாதாடுவது, அவர்கள் தங்கள் உடல்நலத்தைத் தாங்களே பார்த்துக்கொள்ளும் வலிமையை வளர்ப்பது, முரண்படும் தரப்புகளுக்கு நடுவே நின்று பேசுவது. கட்டளையிடுவது அந்தப் பட்டியலில் இல்லை. மருத்துவம் படித்துவிட்டு ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் தலைமைப் பண்பைப் பாடமாக நடத்திய ரொனால்ட் ஹைஃபெட்ஸ், 1994இல் வெளிவந்த தம் நூலில் அதிகாரம் வேறு, தலைமை வேறு என்று பிரித்துக் காட்டினார். சில பிரச்சினைகளுக்கு நிபுணரிடம் தீர்வு இருக்கும். வேறு சில, அவற்றுக்கு ஆளானவர்களே தங்கள் வாழ்க்கையை மாற்றிக்கொண்டால் ஒழியத் தீராது. உடைந்த எலும்பு முதல் வகை. சர்க்கரை நோய் பெரும்பாலும் இரண்டாம் வகை. சுகாதாரக் கல்வியாளரின் வேலை முழுக்க இந்த இரண்டாம் வகையில்தான் கிடக்கிறது. ஆக, இந்தப் பணிக்கான நேர்காணலில் 'தலைமை' என்று கேட்கும்போது, அதிகாரத்தால் கிடைத்த தலைமையைக் கேட்பது வேலைக்குச் சம்பந்தமில்லாத ஒன்றைக் கேட்பதாகும்.

இதற்கு இந்தியாவிலேயே பெரிய சான்று இருக்கிறது. 2009இல் நாட்டில் 741 குழந்தைகளுக்குப் போலியோ வந்தது. அந்த ஆண்டு உலகில் பதிவானதில் ஏறக்குறையப் பாதி. அவற்றில் பெரும்பகுதி உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும். மருந்து இருந்தது, பணம் இருந்தது, ஆள்பலமும் இருந்தது. ஆனாலும் மேற்கு உத்தரப் பிரதேசத்தின் பல பகுதிகளில் சொட்டு மருந்துக் குழு வந்தால் கதவு அடைபட்டது. இது பிள்ளைகளை மலடாக்கும் மருந்து என்ற வதந்தி ஒரு காரணம். சாக்கடையும் குடிநீரும் கேட்டு அலுத்த மக்கள், எதைக் கேட்டாலும் கொடுக்காத அரசு இதை மட்டும் வலிய வந்து கொடுப்பானேன் என்று சந்தேகப்பட்டது இன்னொரு காரணம். அங்கே யூனிசெஃப் துணையோடு ஒரு சமூக அணிதிரட்டல் வலையமைப்பு கட்டப்பட்டது. அதன் அடித்தளத்தில் நின்றவர்கள் அதே தெருக்களைச் சேர்ந்தவர்கள், பெரும்பாலும் பெண்கள். அதற்கு முன் வெளியே வேலைக்கே போயிராதவர்களும் அவர்களில் உண்டு. அவர்கள் வீடு வீடாகப் போனார்கள். மறுத்த குடும்பத்தைப் பெயரோடு தெரிந்துவைத்துக்கொண்டு மறுபடி போனார்கள். இமாம்களையும் உள்ளூர் மருத்துவர்களையும் பேசவைத்தார்கள். 2010இல் எண்ணிக்கை 42 ஆகக் குறைந்தது. மேற்கு வங்கத்தின் ஹவுராவில் 2011 ஜனவரி 13 அன்று நோய் கண்ட சிறுமிதான், இயற்கையாகப் பரவும் போலியோ வைரஸால் பாதிக்கப்பட்ட நாட்டின் கடைசி நோயாளி. 2014 மார்ச் 27 அன்று போலியோ இல்லாத பகுதி என்ற சான்று இந்தியா உள்ளிட்ட தென்கிழக்கு ஆசிய வட்டாரத்துக்குக் கிடைத்தது. மருந்தை மேம்படுத்தியதற்கும் கண்காணிப்புக்கும் இதில் பெரிய பங்கு உண்டு என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அடைபட்ட கதவைத் திறந்தவர்கள் அந்தப் பெண்கள். அவர்களில் ஒருவர் வழக்கமான நேர்காணலுக்கு வந்து, "தலைமைப் பொறுப்பில் இருந்தீர்களா?" என்ற கேள்வியைச் சந்தித்தால் "இல்லை" என்றுதான் சொல்லியிருப்பார்.

தமிழ்நாடு இந்த விஷயத்தில் இன்னும் முன்னாலேயே ஒரு நல்ல முடிவை எடுத்திருக்கிறது என்பது பலருக்கு நினைவில் இல்லை. 1980இல் உலக வங்கி உதவியோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது. மதுரை மாவட்டத்தின் கொட்டாம்பட்டி ஒன்றியம் அதன் முதல் களங்களில் ஒன்று. 6 மாதம் முதல் 3 வயது வரையிலான குழந்தைகளை மாதந்தோறும் எடை போட்டு, எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் குறிப்பிட்ட காலத்துக்குச் சத்துணவு கொடுத்து, தாய்க்கு விளக்கிச் சொல்வது திட்டத்தின் உயிர்நாடி. அதற்கு ஊருக்கு ஊர் பெண் பணியாளர்கள் வேண்டும். யாரைத் தேர்ந்தெடுப்பது? அதே ஊர்க்காரராக இருக்க வேண்டும், ஊரார் ஏற்கக்கூடியவராக இருக்க வேண்டும் என்பவற்றோடு இன்னொன்றையும் பார்த்தார்கள்: ஏழைக் குடும்பமாக இருந்தும் தன் பிள்ளைகளை நல்ல ஆரோக்கியத்தோடு வளர்த்திருக்கும் தாய்க்கு முன்னுரிமை. எவ்வளவு கூர்மையான அளவுகோல் இது! பக்கத்து வீட்டுக்காரிக்கு என்ன வருமானமோ அதே வருமானத்தில், அதே கேழ்வரகில், அதே தண்ணீரில் தன் பிள்ளையைத் தேற்றிக் காட்டியவர் சொன்னால் அந்தத் தெரு கேட்கும். வசதியுள்ளவர் சொன்னால், "உனக்கென்னம்மா, நீ சொல்லுவே" என்று ஒரே வரியில் முடிந்துவிடும். அந்தப் பெண்களுக்குக் காட்டச் சான்றிதழ் இல்லை, சொல்லப் பதவி இல்லை. அவர்களுடைய தகுதி வீட்டு முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்தது. தேர்ந்தெடுத்தவர்களுக்கு அதைப் பார்க்கத் தெரிந்திருந்தது. இன்றைய நேர்காணல்கள் மீண்டும் கற்க வேண்டிய பாடம் இதுதான் என்று உறுதியாக நம்புகிறேன்.

இந்த இடத்தில் நியாயமான ஒரு மறுப்பு எழும். மக்களோடு பழகுவது மட்டும் போதுமா? சுகாதாரக் கல்வியாளர் பயணத் திட்டம் போட வேண்டும், பணத்துக்குக் கணக்கு வைக்க வேண்டும், களப்பணியாளர்களைப் பயிற்றுவிக்க வேண்டும், மாத அறிக்கை அனுப்ப வேண்டும். குழுவை நடத்திய அனுபவம் இல்லாத ஒருவர், எவ்வளவு நல்லவராக இருந்தாலும், இவற்றில் தடுமாறமாட்டாரா? அமெரிக்காவில் சுகாதாரக் கல்வியாளர்களுக்குச் சான்று வழங்கும் முறையில் 2020இல் வகுக்கப்பட்ட 8 பொறுப்புப் பகுதிகளில் ஒன்று, தலைமையையும் மேலாண்மையையும் சேர்த்தே பேசுகிறது. எனவே மேலாண்மையை ஒதுக்கிவிட முடியாது. இதை நான் முழுமையாக ஏற்கிறேன். ஏற்பதற்குக் காரணமும் ஆய்வுகளிலேயே இருக்கிறது.

ஜார்க்கண்டிலும் ஒடிசாவிலும் பழங்குடி மக்கள் நிறைந்த மூன்று மாவட்டங்களில் ஏக்ஜுட் என்ற அமைப்பு 2005 முதல் 2008 வரை ஓர் ஆய்வு நடத்தியது. உள்ளூர்ப் பெண் ஒருவர் மாதம் ஒருமுறை பெண்கள் குழுவைக் கூட்டுவார். பிரசவமும் பச்சிளங்குழந்தையும் பற்றிய சிக்கல்களைப் படங்களும் கதைகளும் விளையாட்டுமாகப் பேசவைப்பார். தீர்வை அவர் சொல்லமாட்டார். பெண்களே தேடி, அவர்களே செய்து பார்ப்பார்கள். 2010இல் லான்செட் இதழில் முடிவு வெளியானது. இந்தக் குழுக்கள் இருந்த பகுதிகளில் பிறந்த முதல் மாதத்துக்குள் இறக்கும் குழந்தைகளின் விகிதம், மற்ற பகுதிகளோடு ஒப்பிட, மூன்றாண்டுகளில் 32 சதவீதம் குறைவு. கடைசி இரண்டு ஆண்டுகளை மட்டும் பார்த்தால் 45 சதவீதம் குறைவு. கை கழுவுவது, சுத்தமாகத் தொப்புள்கொடி அறுப்பது போன்ற வீட்டுப் பழக்கங்கள் மாறியதே இதற்கு முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது. ஆனால் அதே இதழில், அதே ஆண்டில், அதே முறையைப் பின்பற்றிய வங்கதேச ஆய்வு ஒன்றும் வந்தது. அங்கே குறிப்பிடத்தக்க பலன் இல்லை. வேறுபாடு எங்கே? இந்தியாவில் சராசரியாக 468 பேருக்கு ஒரு குழு இருந்தது. வங்கதேசத்தில் 1,414 பேருக்கு ஒன்று. பிறகு வங்கதேசத்தில் குழுக்களின் எண்ணிக்கையைப் பெருக்கி மறுபடி நடத்தியபோது பச்சிளங்குழந்தை மரணம் 38 சதவீதம் குறைந்தது. கூட்டத்தை அன்போடு நடத்தத் தெரிந்தால் மட்டும் போதாது. எத்தனை கூட்டம் வேண்டும், எந்தத் தெருவில் ஆள் விடுபட்டிருக்கிறது என்று கணக்குப் பார்க்கவும் தெரிய வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது.

ஆனால் இந்தச் சான்று பழைய கேள்வியைக் காப்பாற்றிவிடவில்லை. வங்கதேசத்தில் குறைந்துபோனது 'எத்தனை பேருக்கு மேலதிகாரி' என்ற எண் அல்ல; மக்களில் எத்தனை பேரைப் பணி எட்டியது என்ற எண். இரண்டும் வேறு. முகாமுக்கு 200 பேர் வந்தார்கள் என்று பெருமையாகச் சொல்பவரிடம், வராதவர்கள் எத்தனை பேர், அவர்கள் யார், எந்தத் தெருவில் இருக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பதில் தெரிந்தவருக்கு மேலாண்மையும் தெரியும். வந்தவர்களை மட்டுமே எண்ணிக்கொண்டிருப்பவர், எத்தனை ஆண்டு ஒருங்கிணைப்பாளராக இருந்திருந்தாலும், இந்த வேலைக்கு இன்னும் தயாராகவில்லை. ஆக, மேலாண்மையைச் சோதிக்கவும் நல்ல கேள்விகள் இருக்கின்றன. அவை பதவியின் பெயரைக் கேட்பதில்லை.

2017 பிப்ரவரியில் தமிழ்நாடு கண்ட அனுபவத்தை இந்த அளவுகோலில் வைத்துப் பார்க்க வேண்டும். 9 மாதம் முதல் 15 வயது வரையிலான எல்லாக் குழந்தைகளுக்கும் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி போடும் இயக்கம் அந்த மாதம் தொடங்கியது. தடுப்பூசித் திட்டத்தில் நாட்டுக்கே முன்மாதிரியாகப் பேசப்பட்ட மாநிலம் இது. அப்படியிருந்தும் வாட்ஸ்அப்பில் பரவிய வதந்திகளால் பெற்றோர் பலர் பயந்து, பிள்ளைக்குப் போட வேண்டாம் என்று பள்ளிக்கு எழுதிக் கொடுத்தார்கள். சிலர் அந்த நாளில் பிள்ளையைப் பள்ளிக்கே அனுப்பவில்லை. இயக்கத்தின் காலக்கெடுவை நீட்டிக்க வேண்டியதாயிற்று. அந்த வாரங்களில் தேவைப்பட்டது, மேடையில் முழங்கும் பேச்சாளர் அல்ல. பெற்றோர்-ஆசிரியர் கூட்டத்தில் கோபமாக எழுந்து நிற்கும் ஒரு தந்தையின் பேச்சைக் குறுக்கிடாமல் கேட்டு, அவர் பயத்தில் உள்ள நியாயத்தை ஒப்புக்கொண்டு, தெரிந்ததைத் தெரிந்த அளவுக்குச் சொல்லி, தன் பிள்ளைக்கு ஏற்கெனவே ஊசி போடவைத்த ஒரு தாயை எழுந்து பேசவைக்கத் தெரிந்தவர் தேவைப்பட்டார். இப்படிப்பட்டவர் ஒருவரைக் கண்டுபிடிக்க, நேர்காணலில் என்ன கேட்டிருக்க வேண்டும்?

"உங்கள் பேச்சைக் கேட்கக் கட்டாயம் எதுவும் இல்லாத ஒருவரை எப்போதாவது ஒரு நல்ல காரியத்தில் சேர்த்துக்கொண்டீர்களா? எப்படி?" என்று தொடங்கலாம். அந்த நபர் முதலில் ஏன் மறுத்தார் என்று அந்த நபரின் வாய்மொழியிலேயே சொல்லச் சொல்லலாம். மறுப்புக்கான காரணத்தை 'அறியாமை' என்ற ஒற்றைச் சொல்லில் முடிப்பவரிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். அவர் கேட்டிருக்கவில்லை என்று அர்த்தம். அடுத்து, அதைக் கேட்ட பிறகு உங்கள் திட்டத்தில் எதை மாற்றிக்கொண்டீர்கள் என்று கேட்கலாம். இவற்றையெல்லாம்விட முக்கியமான கேள்வி, "இப்போது அந்த வேலையை அங்கே யார் செய்கிறார்?" என்பது. ஒரு பெயரைச் சொல்லி, அவர் எப்படி அதைக் கையில் எடுத்துக்கொண்டார் என்று விளக்கத் தெரிந்தவர் தலைமைப் பணியைச் செய்திருக்கிறார். "நான் வந்த பிறகு நின்றுபோச்சு சார்" என்பவர் ஒரு நிகழ்ச்சியை நடத்தியிருக்கிறார், அவ்வளவுதான்.

விண்ணப்பதாரர் பக்கத்துக்கு வருவோம். ஊரில் கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்குப் பெண்களை அழைத்துவர முயன்ற ஒருவர் நேர்காணலுக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். "விழிப்புணர்வுக் கூட்டம் நடத்தினேன், 60 பேர் கலந்துகொண்டார்கள், பஞ்சாயத்துத் தலைவர் பாராட்டினார்" என்பது ஒரு பதில். அதே அனுபவத்தை வேறு விதமாகவும் சொல்லலாம்: முதல் முகாமுக்கு நாலு பேர்தான் வந்தார்கள். கூச்சம் என்று நான் நினைத்தேன். வீடு வீடாகக் கேட்டபோது, காலை பத்து மணிக்கு எல்லோரும் நூறு நாள் வேலையில் இருப்பார்கள் என்று தெரிந்தது. பரிசோதிப்பவர் ஆணாக இருப்பாரோ என்ற தயக்கமும் இருந்தது. நேரத்தை மாற்ற முடியுமா என்று செவிலியர் அக்காவிடம் கேட்டேன். அவருக்கு வேறு வேலைகள் இருந்ததால் முதலில் முடியாது என்றார். அவருடைய பதிவேட்டு வேலையில் நான் கைகொடுப்பதாகச் சொன்னதும் மாதத்தில் ஒரு நாள் மதியத்துக்கு மேல் வர ஒப்புக்கொண்டார். கூட்டத்தில் நான் பேசவில்லை. ஏற்கெனவே பரிசோதனை செய்துகொண்டவர் ஒருவரைப் பேசச் சொன்னேன். அடுத்த முறை அவரே பக்கத்துத் தெருப் பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். இந்த இரண்டாவது பதிலில் பதவி என்று எதுவும் வரவில்லை. தோல்வி வருகிறது, தவறான ஊகம் வருகிறது, பேரம் வருகிறது, விட்டுக்கொடுத்தல் வருகிறது. கேட்பவருக்கு இந்த ஆள் நாளை களத்தில் எப்படி நடந்துகொள்வார் என்று கண்முன் தெரிகிறது.

கிராமத்தில் வேலை செய்து வந்த பெண்கள் பலர் நேர்காணலில் தங்களை மறைத்துக்கொண்டுதான் பேசுகிறார்கள். எல்லோரும் சேர்ந்து செய்தோம், மேடம்தான் வழிகாட்டினார், நான் என்ன செய்தேன் என்று ஒதுங்குகிறார்கள். நேர்காணல் வழிகாட்டிகளோ எல்லாவற்றையும் நானே செய்தேன் என்று சொல்லச் சொல்கின்றன. இரண்டுமே உண்மைக்குப் பக்கத்தில் இல்லை. ஊர் சேர்ந்து செய்த காரியத்தைத் தன் கணக்கில் எழுதிக்கொள்வது பொய்; அதைத் தொடங்கிவைத்த தன் பங்கை மறைப்பதும் தேர்வுக் குழுவைத் தவறாக வழிநடத்துவதுதான். யார் யார் என்னென்ன செய்தார்கள், அதில் நான் செய்த குறிப்பிட்ட வேலை எது என்று பிரித்துச் சொன்னால் போதும். பிறர் பங்கைப் பெயர் சொல்லி ஒப்புக்கொள்வது இந்தத் துறையில் பலவீனமே அல்ல, அதுவே தகுதி.

படித்து முடித்து நேராக வருபவர் என்ன செய்வார், அவருக்கு ஊரும் இல்லை களமும் இல்லையே என்று கேட்கலாம். உண்மையில் பழைய கேள்விதான் அவரைக் கூடுதலாக வஞ்சிக்கிறது. கல்லூரியில் தலைவர் பதவி நாலு பேருக்குத்தான் கிடைக்கும். மாலை நேரத்தில் வீட்டு வேலைக்கோ பகுதிநேர வேலைக்கோ ஓட வேண்டியிருந்த மாணவிக்கு அது எட்டாது. ஆனால் அவர் டெங்கு காலத்தில் தன் தெருவில் தொட்டிகளை மூடவைத்திருக்கலாம். காசநோய் மருந்தைப் பாதியில் நிறுத்திய சித்தப்பாவை மறுபடி மருத்துவமனைக்கு அழைத்துப் போயிருக்கலாம். கேள்வி சரியாக இருந்தால் இந்த அனுபவங்கள் வெளியே வரும். அதுவும் இல்லாதவருக்கு, ஒரு சூழ்நிலையைச் சொல்லி நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கேட்கலாம். கேரி லாத்தமும் சக ஆய்வாளர்களும் 1980லேயே இந்தச் சூழ்நிலை நேர்காணல் முறையை வகுத்துவிட்டார்கள்.

இன்னும் கடினமான மறுப்பு ஒன்று இருக்கிறது. கதை சொல்லச் சொன்னால் கதை விடுவார்கள். பயிற்சி மையங்கள் இரண்டே மாதத்தில் இதற்கும் மாதிரி விடை அச்சடித்துவிடும். போதாக்குறைக்கு, கேட்பவரின் சாதி, பால், மொழி சார்ந்த விருப்பு வெறுப்புகள் புகுந்துவிடும். இந்தப் பயம் வெறும் கற்பனை அல்ல. மத்திய அரசு 2016 ஜனவரி 1 முதல் கீழ்நிலைப் பணிகளுக்கு நேர்காணலையே கைவிட்டதற்கு ஊழல் பற்றிய கவலைதான் காரணம். அப்படியானால் சுகாதாரக் கல்வியாளருக்கும் எழுத்துத் தேர்வு மட்டும் போதுமா? தேர்வுத் தாளில் தடுப்பூசி அட்டவணையைச் சோதிக்கலாம். கோபமான தந்தையை எதிர்கொள்ளும் பொறுமையைச் சோதிக்க முடியாது. வழி நேர்காணலை ஒழிப்பதில் இல்லை, அதற்கு ஒழுங்கு கொடுப்பதில் இருக்கிறது. பணியாளர் தேர்வு முறைகளைப் பற்றிப் பல பத்தாண்டுகளாகச் சேர்ந்த ஆய்வுகளைத் தொகுத்து, பால் சாக்கெட்டும் சகாக்களும் 2022இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வேலையில் ஒருவர் எப்படிச் செயல்படுவார் என்பதோடு ஒவ்வொரு முறையும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று அவர்கள் கணக்கிட்டார்கள். 1 என்றால் முழுப் பொருத்தம், 0 என்றால் எந்தத் தொடர்பும் இல்லை. எல்லோருக்கும் ஒரே கேள்விகள், முன்கூட்டியே வகுத்த மதிப்பெண் அளவுகோல் என்று நடத்தும் நேர்காணலுக்கு 0.42 கிடைத்தது, அவர்கள் ஒப்பிட்ட முறைகளில் அதுவே முதலிடம். மனம்போன போக்கில் கேட்கும் நேர்காணலுக்கு 0.19. எத்தனை ஆண்டு பணி அனுபவம் என்ற எண்ணிக்கைக்கு வெறும் 0.07. நம் தேர்வுக் குழுக்கள் அதிகம் நம்பும் இரண்டும் பட்டியலின் அடியில் கிடக்கின்றன.

மனப்பாடம் செய்த கதைக்கும் இந்த முறையே மருந்து. உண்மையில் ஒரு தெருவில் வேலை செய்தவரை நான்காவது துணைக்கேள்வி வரை கொண்டுபோகலாம்: அந்தக் கூட்டத்தில் முதலில் எழுந்து போனது யார், அப்போது நீங்கள் என்ன சொன்னீர்கள், மறுநாள் அவர் வீட்டுக்குப் போனீர்களா, அங்கே என்ன நடந்தது? நடந்ததைச் சொல்பவர் கேட்கக் கேட்க விவரம் சேர்த்துக்கொண்டே போவார். இரவல் கதைக்காரர் இரண்டாவது கேள்வியிலேயே பொதுவான வார்த்தைகளுக்குத் திரும்பிவிடுவார்.

இதெல்லாம் இப்போது ஏன் அவசரம்? 2020இல் தமிழ்நாட்டில் நடந்த தொற்றா நோய் ஆய்வு, ரத்தக் கொதிப்பு உள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்கும் சர்க்கரை நோய் உள்ளவர்களில் 10.8 சதவீதம் பேருக்கும் மட்டுமே நோய் கட்டுக்குள் இருப்பதாகக் காட்டியது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கியது. சுய உதவிக் குழுக்களிலிருந்து வந்த பெண் தன்னார்வலர்கள் வீட்டு வாசலிலேயே ரத்த அழுத்தம் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். அடுத்த ஆய்வில் அந்த விகிதங்கள் 17 சதவீதமாகவும் 16.7 சதவீதமாகவும் உயர்ந்திருந்தன. பெரிய முன்னேற்றம்தான். ஆனாலும் ஆறு பேரில் ஏறக்குறைய ஐந்து பேருக்கு நோய் இன்னும் கட்டுக்குள் வரவில்லை. மாத்திரையை வாசலுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தாயிற்று. உப்பைக் குறைப்பதும், நடப்பதும், நன்றாக இருக்கிறதே என்று மாத்திரையை நிறுத்தாமல் இருப்பதும் வாசலுக்கு உள்ளே நடக்க வேண்டியவை. அந்த வேலைக்கு ஆள் எடுக்கும் நேர்காணலில்தான், எத்தனை முகாம் நடத்தினீர்கள் என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

ஒப்பந்தப் பணிகளுக்கு ஆள் எடுக்கும் மாவட்ட நலவாழ்வுச் சங்கங்களுக்கும் தொண்டு நிறுவனங்களுக்கும் சில கோரிக்கைகள். தலைமை பற்றிய கேள்விகளை எல்லோருக்கும் ஒன்றாக வகுத்து, ஒவ்வொன்றுக்கும் எதற்கு எத்தனை மதிப்பெண் என்பதை முன்கூட்டியே எழுதிவைத்துக் கேளுங்கள். எந்த வகைக் கேள்வி வரும் என்பதை அறிவிப்பிலேயே சொல்லிவிடுங்கள். அதனால் யாருக்கும் நஷ்டமில்லை, நகரத்துப் பயிற்சி மையத்துக்குப் போக முடியாத விண்ணப்பதாரருக்கு நியாயம் கிடைக்கும். தேர்வுக் குழுவில் அனுபவமுள்ள ஒரு கிராம சுகாதார செவிலியரை உட்காரவையுங்கள்; யார் களத்தில் நின்றவர் என்பதை அவர் சீக்கிரம் கண்டுகொள்வார். விண்ணப்பிக்கும் தம்பி தங்கைகளுக்கு: சான்றிதழ் கோப்பை எடுத்துக்கொண்டு போங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதோடு, உங்களை முதலில் மறுத்த ஒருவரைப் பற்றியும், நீங்கள் இல்லாமலே இன்று அந்த வேலையைத் தொடரும் ஒருவரைப் பற்றியும் சொல்லத் தயாராகப் போங்கள். தேர்வுக் குழு கேட்காவிட்டாலும் சொல்லிவிட்டு வாருங்கள்.